வாகனப் பிரிவு முகவரகமானால் ஓய்வூதியம் போய்விடுமா?

கேள்வி: எங்கள் திணைக்களத்தின் வாகனம், களஞ்சியம், கட்டடப் பராமரிப்புப் பிரிவுகளைச் சேர்த்து, பிரித்தானியாவில் உள்ளதுபோல் ஒரு நிறைவேற்று முகவரகம் ஆக்கும் யோசனை பேசப்படுகிறது. கூட்டுத்தாபனம் ஆகிவிடுவோமா? ஓய்வூதியம் என்னாகும்?
– திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர், கொழும்பு 5

பதில்: பிரித்தானிய முறையை அப்படியே எடுத்தால் இந்தப் பயம் தேவையில்லை. 1988இல் அங்கே தொடங்கிய முகவரகங்கள் அமைச்சுக்கு உள்ளேயே இருப்பவை. தனிச் சட்ட ஆளுமை கிடையாது (சட்டத்தின் முன் தனி நிறுவனம் அல்ல), ஊழியர்கள் அரச சேவையாளர்களே. இங்கே தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இல் கூட்டுத்தாபனமாகி 1996இல் கம்பனியானது; அது வேறு பாதை. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள். அரச சேவையிலிருந்து வெளியே மாற்றும் புதிய நியமனக் கடிதம் தருகிறார்களா என்று பாருங்கள்.

உண்மையான சிக்கல், முகவரகம் தன் சேவைக்காகக் கிளைகளிடம் அறவிடும் கட்டணத்தில்தான். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு வாகனத்துக்குச் சாரதியின் சம்பளம், காப்புறுதி, தேய்மானம் எல்லாம் ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபா. 20,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 120 ரூபா. விலை கூடுதல் என்று சில கிளைகள் வெளியே வாடகைக்குப் போக, ஓட்டம் 12,000 ஆகக் குறைந்தால் அதே செலவு 200 ரூபா. மிச்சக் கிளைகளும் ஓடிவிடும். இதைத் தடுக்க நிலையான செலவை மாதக் கட்டணமாகவும், எரிபொருளையும் ரயரையும் மட்டும் ஓட்டத்துக்கு ஏற்பவும் அறவிட வேண்டும்.

அடுத்தது ஒதுக்கீடு. பணம் பழையபடி தாபனக் கிளையின் செலவுத் தலைப்பிலேயே கிடந்தால், முகவரகத்தின் கட்டணப் பட்டியல் வரும்போது மற்றக் கிளைகளிடம் கட்டக் காசு இராது. முதல் ஆண்டு பணம் மாறாமல் பட்டியலை மட்டும் அனுப்பிப் பாருங்கள். யார் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். இந்த ஒத்திகையைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: வாகனம் இல்லாமல் கள வேலை நின்றால் யார் பொறுப்பு?

பதில்: முகவரகத்தின் பொறுப்புகளையும் இலக்குகளையும் வகுக்கும் சட்டக ஆவணத்தில் இதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். 1995இல் இங்கிலாந்தின் சிறைச்சாலை முகவரகத் தலைவர் டெரெக் லூயிஸ் நீக்கப்பட்டபோது, கொள்கை அமைச்சருடையதா, அன்றாட நிருவாகம் தலைவருடையதா என்ற எல்லையே பெரும் சர்ச்சையானது. "வாகனம் கேட்டு இத்தனை மணித்தியாலத்துக்குள்" என்பதுபோல் அளக்கக்கூடிய இலக்கு தேவை. திணைக்களத்திலும் இயந்திரமும் விலையும் தெரிந்த இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் முகவரகத்துக்கு அனுப்பிவிட்டால், வரும் பட்டியலைச் சரிபார்க்கத் திணைக்களத்தில் ஆளே இருக்காது.