செகாக் என்றால் வயிற்று வலி: உடற்கல்வி விலக்குக் கேட்கும் ஒரு தாய்க்கு

கேள்வி: என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. திடலில் ஓடினால் இழுப்பு வந்துவிடுகிறது. செகாக் என்கிற உடல்தகுதிச் சோதனை என்றால் முந்தின நாள் ராத்திரியே வயிற்று வலி என்கிறாள். அடுத்த வருடம் எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு. அந்தப் பாட நேரத்தில் உட்கார்ந்து படித்தாலும் பிரயோஜனம். டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் எஸ்.பி.எம். முடியும்வரை உடற்கல்வியே இல்லாமல் விட்டுவிடுவார்களா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?
— மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, இரண்டு வருடத்துக்கு மொத்த விலக்கை எதிர்பார்க்காதீர்கள். எஸ்.பி.எம்.மில் தாள் இல்லாவிட்டாலும் உடற்கல்வி, நலக்கல்வி இரண்டும் சேர்ந்தது கட்டாயப் பாடம். நலக்கல்விப் பகுதி வகுப்பறையில் நடப்பது. உணவு, முதலுதவி, இனப்பெருக்க நலம், போதைப்பொருள் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதிலிருந்து ஆஸ்துமாவைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். கிடைக்கக்கூடியது வேறு: உங்கள் மகளுக்கு ஒத்துக்கொள்ளாத நடவடிக்கைகளிலிருந்து மட்டும், ஒரு குறிப்பிட்ட தேதிவரை விலக்கு. இப்படிக் கேட்டால் பெரும்பாலும் எந்தப் பள்ளியும் மறுக்காது. முப்பது வருடம் திடலில் நின்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

முதலில் ஆஸ்துமா. ஓடும்போதெல்லாம் இழுக்கிறது என்றால், ஓட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மருந்தைப் பற்றி யோசியுங்கள். நீல நிற இன்ஹேலர் குழாயை, நம் வீடுகளில் வென்டோலின் என்போமே அதை, வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் பொருள். அப்படிப்பட்ட பிள்ளையைத் திடலிலிருந்து விலக்கி வைத்தால் இழுப்பு நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பள்ளிப் படிக்கட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் அது திரும்ப வரும். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். விலக்குக் கடிதம் வேண்டும் என்று ஆரம்பிக்காமல், "என் பிள்ளையால் ஓட முடியவில்லை, மருந்தை மாற்றிப் பாருங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் இழுக்கும் தடுப்பு மருந்து ஒன்று தனியாக உண்டு. அது ஸ்டெராய்டு என்று கேட்டதும் பயந்து நிறுத்திவிடும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குழாய்க்குப் போகும் அளவு மிகச் சிறியது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், போதும்.

ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் நீலக் குழாயை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடுபடுத்தினால் பல பிள்ளைகளுக்கு இழுப்பே வருவதில்லை. உங்கள் மகளுக்கு இந்த முறை பொருந்துமா என்று டாக்டர் சொல்லட்டும். 2003ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயதிலேயே ஆஸ்துமா கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் மகள் மாரத்தான் ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்துமா இருந்தால் ஓடவே கூடாது என்று நம் ஊரில் ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறோமே, அதை மாற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

குழாய் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு முறை என் வகுப்பில் ஒரு பையனுக்குத் திடலின் கோடியில் இழுப்பு வந்தது. குழாய் இரண்டாம் மாடியில், அவன் புத்தகப்பையின் அடியில் கிடந்தது. இன்னொரு பையன் ஓடிப்போய், பையைக் கவிழ்த்துக் கொட்டி, எடுத்து வருவதற்குள் இவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து குழாய் கால்சட்டைப் பையில் இருந்தால்தான் திடலுக்கு விடுவேன். உங்கள் மகளின் விளையாட்டு உடையில் பை இல்லையென்றால் ஒன்று தைத்துக் கொடுங்கள். புகைமூட்டக் காலத்தில் நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளியே வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். ஆனால் 80, 90 என்று இருக்கும் நாளிலேயே ஆஸ்துமா பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும். அதைக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வயிற்று வலி. உங்கள் கேள்வியில் எனக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. ஆஸ்துமாவுக்கு முந்தின நாள் ராத்திரி வயிறு வலிக்காது.

செகாக்கில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். தாளத்துக்கு ஏற்ப மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி நாடித் துடிப்பை எண்ணுவது, தண்டால், பாதி எழுந்து படுப்பது, காலை நீட்டிக் கை எட்டிப் பார்ப்பது. இவற்றோடு உயரமும் எடையும் எடுத்து உடல் எடைக் குறியீடு போடுவார்கள். வருடத்தில் இரண்டு தடவை. வரிசையில் நிற்க வைத்து, ஒருவர் எடையைப் படிக்க, இன்னொருவர் எழுதுவார். பல வருடம் அந்த எடையை உரக்கப் படித்தவன் நான். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே! ஒரு நாள் ஒரு மாணவியின் எண்ணைப் படித்தேன். பின்வரிசையில் யாரோ அதைத் திரும்பச் சொன்னார்கள், சிரிப்பு கேட்டது. அடுத்த செகாக் அன்று அந்தப் பிள்ளை வரவில்லை, அதற்கடுத்த தடவையும் வரவில்லை. வயிற்று வலி என்றுதான் கடிதம் வந்தது. எனக்குப் புரிவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. இன்றும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்று மனம் உறுத்துகிறது.

உங்கள் மகளுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாயாக இருக்கலாம், உடை மாற்றும் இடத்தில் யாராவது கேலி செய்திருக்கலாம், மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். இரவு சாப்பிட்டு முடித்ததும், அப்பாவும் தம்பியும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். "ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. "செகாக்ல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். எடை என்றால், தனியாக எடுத்து எண்ணை வெளியே சொல்லாமல் எழுதிக்கொள்ளும்படி ஆசிரியரிடம் கேட்கலாம், அதற்கு டாக்டர் கடிதமே தேவையில்லை. மாதவிடாய் வலி என்றால் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அல்லது நாளை மாற்றிக் கேட்கலாம். கேலி என்றால் கவுன்சிலிங் ஆசிரியரைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் மருத்துவ விலக்கு மருந்தாகாது.

படிப்புக்கு நேரம் கிடைக்குமே என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். திடலோரம் மரத்தடியில் தனியாக உட்கார்த்தி வைத்த பிள்ளை புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை, மற்றவர்கள் விளையாடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, உடற்கல்வி விலக்கு புறப்பாட நடவடிக்கைக்குச் செல்லாது. மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) நுழைவிலும் பல்கலைக்கழக நுழைவிலும் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு மதிப்பெண் இருக்கிறது. மாலை வேளையில் சதுரங்கம், பூப்பந்து, அல்லது செம்பிறைச் சங்கம் என்று அவளுக்கு ஒத்துவருவதில் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் வெறும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்காதீர்கள், அது அன்றைய நாளுக்கு மட்டும்தான். அவர் கடிதத்தில் எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்யலாம், எந்தத் தேதிவரை என்ற மூன்றும் இருக்க வேண்டும். பலர் "செய்யலாம்" என்பதைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஆசிரியர் பயந்துகொண்டு பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்.

அதோடு நீங்கள் பள்ளி முதல்வருக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். தலைப்பு "பெர்மொஹோனான் பெங்கெசுவாலியான் செமெந்தாரா" என்று இருக்கட்டும், தற்காலிக விலக்கு விண்ணப்பம் என்று பொருள். உள்ளே எழுத வேண்டியது இவ்வளவுதான்: மகளின் பெயர், வகுப்பு, ஆஸ்துமா இருப்பது. நீண்ட தூர ஓட்டத்திலிருந்தும் செகாக்கின் பலகை ஏறும் சோதனையிலிருந்தும் இன்ன தேதிவரை விலக்குத் தேவை. நடை, நீட்டல் பயிற்சி, பூப்பந்து ஆகியவற்றில் கலந்துகொள்வாள். புகைமூட்ட நாளில் உள்ளே இருக்க அனுமதிக்க வேண்டும். குழாயைத் தன்னிடமே வைத்திருப்பாள். இழுப்பு வந்தால் அழைக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள். தோட்டத்தில் வேலை நேரத்தில் உங்கள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்றால், இரண்டாவது எண் டவுனில் இருக்கும் சொந்தக்காரருடையதாக இருக்கட்டும்.

அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உடற்கல்வி ஆசிரியரை நேரில் பார்த்து ஒரு நகலைக் கையில் கொடுங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். இன்னொரு நகல் வீட்டில் இருக்கட்டும். ஐந்தாம் படிவத்தில் ஆசிரியர் மாறுவார், அப்போது புதுத் தேதி போட்டு மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும்.