வெளியில் உட்கார்ந்தால் வாஷ் ஏன் கோடு விழுகிறது?

கேள்வி: வீட்டில் ஃபோட்டோவைப் பார்த்து வாட்டர்கலரில் ஓரளவு நன்றாகவே வரைவேன். போன மாதம் மாமல்லபுரம் ஐந்து ரதங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தேன். வானத்துக்கு வாஷ் (தண்ணீரில் கரைத்த கலரைச் சீராகப் பரப்பும் பூச்சு) போட்டு முடிப்பதற்குள் காய்ந்து கோடு கோடாக நின்றுவிட்டது. அங்கே பளிச்சென்று இருந்த படம், வீட்டுக்கு வந்து பார்த்தால் இருண்டு கிடக்கிறது. சுற்றி நின்று பார்க்கிறவர்களால் கை வேறு ஓடவில்லை. எதை மாற்ற வேண்டும்? (ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: தாள் என்ன அளவு, எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏ3 தாள், காலை பதினோரு மணி என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. வீட்டு வேலையை அப்படியே வெளியே தூக்கிக்கொண்டு போனதுதான் சிக்கல்.

வாஷ் காய்வதற்கு வெயிலைத்தான் திட்டுகிறோம். கடலோரத்தில் காற்றும் அதற்குச் சமமான குற்றவாளி. முற்பகல் தாண்டிக் கடற்காற்று கிளம்பிவிட்டால், வெயிலில் சூடான தாளில் ஈரம் நிற்கவே நிற்காது. அதனால் தாளை ஏ5 அளவுக்குக் குறையுங்கள். பிரஷ்ஷைப் பெரிதாக்குங்கள், பத்தாம் நம்பர் ரவுண்டுக்கு (உருண்டை பிரஷ்ஷுக்கு) கீழே வேண்டாம். தாளைத் தொடும் முன்பே வானத்துக்கு வேண்டிய கலரைத் தேவைக்கு மேலேயே கரைத்து வையுங்கள். பாதி வானத்தில் நிறுத்திவிட்டுக் கலர் கலக்கப் போனால், அந்த இடைவெளிதான் கோடாகத் தெரியும். பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போட்ட கலரின் அடியோரத்தில் ஒரு நீர்மணி திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அடுத்த வீச்சைப் போட்டு அதைக் கீழே இழுத்துக்கொண்டே வரவேண்டும். முழுப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், என்றால் இன்னொரு வழியும் உண்டு. முன்னும் பின்னும் தண்ணீரில் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டவைத்துவிடுங்கள், வெகுநேரம் ஈரம் காக்கும். மரக்கூழ்த் தாளில் இது சரிப்படாது. தண்ணீரில் கிளிசரின் விடச் சிலர் சொல்வார்கள். ஓரிரு சொட்டோடு நிறுத்துங்கள், அதிகமானால் படம் பிசுபிசுக்கும்.

படம் இருண்டதற்குக் காரணம் தாள்மேல் நேராக விழுந்த வெயில். அந்த வெளிச்சத்தில் எந்தக் கலரும் வெளிறித்தான் தெரியும். போதவில்லை என்று நீங்கள் மேலும் மேலும் அடர்த்தி ஏற்றியிருப்பீர்கள். ஆகவே தாள் எப்போதும் நிழலில் இருக்கட்டும். குடை பிடித்தால் கறுப்போ சாம்பலோ நல்லது. சிவப்புக் குடைக்குக் கீழே எல்லாம் சிவக்கும்.

இனி நேரம். மாமல்லபுரத்தில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் சுருங்கிக் கல்லெல்லாம் தட்டையாகிவிடும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை. எனவே மாலை நான்கு மணிக்கு மேல் போனால் முகப்பில் வெயில் இருக்கும். அதே ஊரில் பாறையில் செதுக்கிய அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்தது. ஒன்பது, பத்து மணிக்கு மேலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் ஒவ்வொரு யானைக்கும் முனிவருக்கும் அடியில் நிழல் விழுவதைப் பார்க்கலாம். ஆனால் முதல் படத்துக்கு அதைத் தொடாதீர்கள், அத்தனை உருவங்களில் தொலைந்துபோவீர்கள். திரௌபதி ரதத்தில் ஆரம்பியுங்கள். குடிசை வடிவம், நாலு சுவர், ஒரு கூரை, அவ்வளவுதான். உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் நிழலின் எல்லையைப் பென்சிலில் குறித்துவிடுங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நகர்ந்த நிழலைத் துரத்திக்கொண்டு போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஃபோட்டோவே போதாதா என்று தோன்றலாம். அந்த நிழலுக்குள் பாருங்கள். கேமரா பெரும்பாலும் அதைக் கறுப்பாக மூடிவிடும். நேரில் பார்த்தால் வானத்தைப் பார்த்த பக்கம் நீலம் படிந்திருக்கும். கூரை விளிம்புக்கு அடியில் மணலிலிருந்து எகிறிய வெளிச்சம் செம்மஞ்சளாக ஏறியிருக்கும். வெளியே உட்கார்வதன் சுகமே எனக்கு இதுதான். கறுப்பு டியூபைப் பையிலேயே விட்டுவிட்டு அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து பாருங்கள். நீலம் தூக்கலானால் குளிர்ந்த சாம்பல், சியன்னா தூக்கலானால் வெயில் பட்ட கல். அல்ட்ராமரீன் தாளின் குழிகளில் துகள் துகளாகத் தங்கும் குணமுடையது. கருங்கல்லின் சொரசொரப்பு கேட்காமலே வந்துவிடும். தாளிலேயே அரைகுறையாகக் கலக்க விட்டால் இன்னும் அழகு.

கூட்டத்துக்கு மருந்து, சுவரிலோ மரத்திலோ முதுகைச் சாய்த்து உட்கார்வது. பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. ஸ்டாண்ட் வைத்தால் கடை விரித்த மாதிரி ஆகிவிடும், மடியில் வைத்தே வரையுங்கள். "அக்கா, எங்களை வரைவீங்களா?" என்று பிள்ளைகள் வந்து நின்றால் வரைந்துவிடுங்களேன். ரதத்தின் உயரம் தெரிய ஒரு ஆள் உருவம் எப்படியும் வேண்டியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிரச்சினை தலைகீழ், வாஷ் காயவே காயாது. பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு விட்டு வரைந்தால் ஒன்றோடொன்று ஓடாது. பாதி காய்ந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் விழுந்தால் காலிஃப்ளவர் மாதிரி பூத்துவிடும். அதைத் தேய்க்கப் போகாதீர்கள், மேகமாக இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் பேலட்டை (கலர்த் தட்டை) மூடி வைக்காமல் ஓரிரவு ஃபேன் காற்றில் திறந்து வையுங்கள். நம் ஊர் ஈரத்தில், குறிப்பாகத் தேன் கலந்த பெயின்டுகளில், பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.