ஜெனோவாவில் சாவிக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

லத்தீனின் பிள்ளைகள் பற்றி எழுதியிருந்தீர்கள். இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ருமேனியன் எல்லாம் வந்தன. நான் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். ஜெனோவா துறைமுகத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச இத்தாலியனோடு ஒட்டவே இல்லை. 'அது லிகூரியன், இத்தாலியனின் கொச்சை' என்கிறார் உடன் வேலை செய்பவர். அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை. அந்த வரிசையில் லிகூரியனை நான் விட்டது தப்பு.

இன்று இத்தாலியன் என்கிறோமே, அது ஃப்ளோரன்ஸ் பக்கத்துப் பேச்சிலிருந்து வளர்ந்தது. லிகூரியன் அதிலிருந்து சிதைந்து வந்ததல்ல, நேரே லத்தீனின் வயிற்றில் பிறந்தது. இரண்டும் அக்கா தங்கை. 1190 வாக்கில் ரைம்பாவுத் என்ற கவிஞர் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஆண் தெற்கு பிரான்சின் ப்ரொவென்சால் மொழியில் கெஞ்சுகிறான், ஜெனோவாப் பெண் தன் மொழியிலேயே வெடுக்கென்று மறுக்கிறாள். ஃப்ளோரன்ஸ் பேச்சில் எழுதி இத்தாலியனுக்கு அடித்தளம் போட்ட கவிஞர் தாந்தே பிறந்ததே 1265இல்தான்.

சரி, ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'கிளாவிஸ்'. இத்தாலியனில் 'கியாவே'. ஜெனோவாவில் 'ச்சாவே'. போர்ச்சுகீசியர் வாயிலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆனது; அவர்களிடமிருந்து நாம் வாங்கியதுதான் நம் சாவி. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 'அதிகம்' என்பதற்கு லத்தீனில் 'ப்ளூஸ்', இத்தாலியனில் 'பியூ', ஜெனோவாவில் 'ச்சூ'. சுடருக்கு 'ஃப்ளாமா', 'ஃபியாம்மா', 'ஷம்மா'.

இதை வைத்துப் போர்ச்சுகீசுக்கு நெருங்கிய சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவை. லிகூரியனின் கூடப்பிறந்தவை வடக்கே இருக்கும் பீட்மாண்டீஸ், லொம்பார்ட், எமிலியன். காலோ-இத்தாலிக் என்று அந்தக் கிளைக்குப் பெயர். நெருப்புக்கு இத்தாலியனில் 'ஃபுவோக்கோ'. ஜெனோவாவில் அதன் 'க்' என்ற வல்லின ஒலி இளகிவிடும், முதல் உயிரும் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்வதுபோல் மாறிவிடும். இரண்டும் வடக்கத்திக் குணம். ஆனால் லொம்பார்டும் பீட்மாண்டீசும் சொல்லின் கடைசி உயிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், ஜெனோவா விழுங்காது. அதனால்தான் குடும்பத்துக்குள்ளேயே சற்றுத் தள்ளி நிற்கிறது.

அப்புறம், இது கடலோடிகளின் மொழி. 1540களில் ஜெனோவாவை ஒட்டிய பெக்லியிலிருந்து சிலர் பவளம் எடுக்கத் துனீசியாவின் தபார்கா தீவுக்குக் குடிபோனார்கள். இருநூறு வருடம் கழித்து, 1738இல், அவர்களின் வழிவந்தவர்களில் ஒரு கூட்டம் சார்தீனியா அருகே சான் பியத்ரோ தீவில் கார்லோஃபோர்த்தே என்ற ஊரைக் கட்டியது. அங்கே இன்றும் வீட்டுப் பேச்சு லிகூரியன்தான். ஜெனோவாவிலோ அதை நீங்கள் கேட்டதுபோல் பெரியவர்கள் வாயில்தான் தேட வேண்டியிருக்கிறது. மொனாக்கோவில் அதன் இன்னொரு வடிவத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் சிறுபான்மை மொழிகளுக்கென்று இத்தாலி 1999இல் கொண்டுவந்த 482ஆம் சட்டத்தில் 12 மொழிகள் இருக்கின்றன, லிகூரியன் இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை அங்கே இறங்கினால் அந்தப் பெரியவர்களிடம் வெள்ளை நிறத்துக்கு என்ன சொல் என்று கேளுங்கள். இத்தாலியனில் 'பியாங்கோ'. அவர்கள் 'ஜாங்கு' என்பார்கள். உங்கள் காதில் எப்படி விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.