கருவேலங்கரி உப்பை எடுக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் தொண்டிப் பக்கம். போர் தண்ணீர் ஒரே உப்பு. கேண்டில் பில்டர் வாங்கியும் ருசி மாறவில்லை. தம்பி சீமைக்கருவேலில் கரிமூட்டம் போடுகிறான். அந்தக் கரியை உடைத்து பில்டருக்குள் நிரப்பினால் உப்பு போகுமா?

பதில்: போகாது, சகோதரி. உங்கள் பில்டரில் பழுதில்லை, அதன் வேலையே வேறு.

கேண்டில் என்பது சுட்ட மண். அதன் நுண்துளைகள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல கேண்டிலில் அதற்கும் கீழே. கலங்கலும் பெரும்பாலான பாக்டீரியாவும் அதில் நின்றுவிடும். கரைந்த உப்போ, மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமீட்டருக்கும் சிறிய அயனிகளாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாக, தண்ணீரோடு தண்ணீராக ஓடுகிறது. நண்டு வலையில் மணல் நிற்குமா?

சரி, கரி? மூட்டத்தில் வெந்த கரி வேறு, பில்டருக்கான கரி வேறு. சிரட்டைக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்திச் சூடாக்கும்போது உள்ளே எண்ணற்ற துளைகள் திறக்கின்றன. அப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர்வரை வரும், அதாவது சுமார் 25 சென்ட் நிலம்! தண்ணீரோடு ஒட்டாத பொருள்களை, அதாவது வாடை, நிறம், சில பூச்சிமருந்துகளை, அது தன் பரப்பில் பிடித்துவைக்கும். குளோரினை வினைபுரிந்து குளோரைடாக மாற்றிவிடும். ஆனால் உப்பின் அயனிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருக்கின்றன. அவை கரியிடம் வராது. மூட்டக் கரியைப் போட்டால் அதிலுள்ள சாம்பலும் கரைந்து உப்பைக் கூட்டத்தான் செய்யும். தயவுசெய்து வேண்டாம்.

சாஃப்ட்னர் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும். சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும், உப்பு அப்படியே இருக்கும்.

நீங்களே பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் தட்டில், பில்டருக்கு முந்திய தண்ணீரும் பிந்திய தண்ணீரும் ஒவ்வொரு கரண்டி ஊற்றி வெயிலில் காயவையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வெள்ளைப் படிவம் நிற்கும். அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்துவிடுங்கள். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்ற அளவு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. அதைத் தாண்டினால், அந்தப் போர் தண்ணீரைக் குடிக்க, நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவிதான் வழி. அது வெளியேற்றும் கழிவுநீர் இன்னும் உப்பானது, செடிக்கு ஊற்றாதீர்கள்.

என்னைக் கேட்டால் மழைநீரைத்தான் முதலில் சொல்வேன். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை வழியவிட்டு, மாடி கழுவியபின் தொட்டிக்குத் திருப்புங்கள். அந்தத் தண்ணீருக்கும் ஊருணித் தண்ணீருக்கும் உங்கள் கேண்டில் பொருத்தமான கருவி. வடிகட்டியதைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கேண்டிலை வாரம் ஒருமுறை மென்மையான பிரஷால் தேயுங்கள், சோப்பு படக்கூடாது. வாடை இருந்தால் மட்டும் கடையில் விற்கும் பில்டர் கரி சேருங்கள். அதையும் கம்பெனி சொல்லும் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள், விட்டால் அதிலேயே கிருமி வளரும்.