முடக்குவாதத்துக்கு மொபைல் ஆப் உண்மையில் உதவுமா?

நாலு மாதமாக ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்கிற முடக்குவாதம், இதற்கென்று இருக்கும் ஆப்களால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஏழாவது வருஷம். மன்னார்குடிப் பக்கம் கிராமம், வீட்டோடு தையல். நாலு ஆப் இறக்கி மூன்றை அழித்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்க்கிறேன். விடியக்காலையில் கிளம்பி, டோக்கன் போட்டு உட்கார்ந்தால் உள்ளே கிடைப்பது ஐந்து நிமிஷம். "எப்படிம்மா இருக்கு?" என்பார். அன்றைக்கு வலி இல்லையென்றால் "பரவாயில்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவேன். முந்தின மாதம் பத்து நாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கிடந்தது, திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வரும்.

இந்த நோயில் டாக்டர் முக்கியமாகக் கேட்பது, காலையில் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று. தேய்மான மூட்டுவலி என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நமக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேலும் போகும். எனக்கு அளவு வாசல் கோலம். எழுந்ததிலிருந்து கோலமாவு விரலிடுக்கில் நிற்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம்? அதை மட்டும் தினம் ஆப்பில் போடுகிறேன். அந்த வரைபடத்தையும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் போன வருஷம் மருந்தின் அளவை மாற்றினார்.

கத்தரிக்காயைத் தொடாதே என்று உறவுக்காரர்கள் பயமுறுத்தினார்கள். இரண்டு மாதம் நிறுத்தினேன், கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது எண்ணெய்க் கத்தரிக்காய் தாராளமாக நடக்கிறது. (இது என் உடம்பின் கணக்கு.)

மாத்திரை அலாரத்தில் மட்டும் ஜாக்கிரதை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை நமக்கு வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் இறக்கிய ஆப் அதுவாகவே 'தினசரி' என்று எடுத்துக்கொண்டது, நான் கவனிக்கவில்லை. ஞாயிறு போட்டாயிற்று. திங்கள் ராத்திரியும் அடித்தது. நான் தையல் மெஷினில் இருந்தேன், அத்தை மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார். நான் வாங்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் இந்த மெத்தோட்ரெக்சேட்டும் ஒரே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்ததால் தப்பித்தேன். இப்போது போனின் சாதாரண அலாரத்தில் ஞாயிறு மட்டும் வைத்து, அட்டையிலும் பேனாவால் 'ஞாயிறு' என்று எழுதிவிடுகிறேன்.

இன்னொரு ஆப், இந்த நோய்க்கு டாக்டர்கள் கணக்கெடுக்கும் 28 மூட்டுகளையும் படத்தில் தினமும் தொட்டுக் குறிக்கச் சொன்னது. வீங்கின விரலை வைத்துக்கொண்டு யார் செய்வது? மூன்றாவது, போனில் உள்ள எல்லா நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்டது. என் மூட்டுக்கும் நாத்தனார் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?

மிஞ்சியதில் காலை நிமிஷமும், இந்த மாத்திரைக்காக எடுக்கும் ரத்த அணு, ஈரல் பரிசோதனைத் தேதிகளும் மட்டும் இருக்கின்றன. ஆப்பே ஒத்துவரவில்லையென்றால் தினசரி காலண்டர் தாளில் எழுதிக் கிழித்துக் கிளிப் போட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய் போன் அணைந்து கிடக்கும் நாட்களில் நானும் அப்படித்தான், கரண்ட் வந்தபின் ஏற்றிவிடுவேன்.