முதல் கேம் எஞ்சின் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாலு மாசமா யூனிட்டி, அன்ரியல், கோடாட்னு கேம் செய்ற மென்பொருள் (எஞ்சின்) மூணையும் ஒப்பிடுற வீடியோவா பாத்துட்டு இருக்கேன், இன்னும் ஒண்ணக்கூட இறக்கல. பைத்தான் கொஞ்சம் தெரியும். லேப்டாப்ல 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இஷ்டப்படி எங்க வேணா சுத்துற பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் பண்ணணும்னு ஆசை. தப்பான எஞ்சின எடுத்து ஒரு வருஷம் வீணாப் போயிடுமோன்னு பயமா இருக்கு. எத எடுக்கட்டும்?

பதில்: கோடாட் எடுங்க. இன்னைக்கே இறக்கிடுங்க, காரணத்த அப்புறம் சொல்றேன். முதல்ல அந்த பயத்தப் பத்தி பேசிடுவோம், உங்க நாலு மாசத்த தின்னதே அதுதான்.

ஒரு எஞ்சின்ல கத்துக்கிட்டதுல பெரும்பகுதி அடுத்த எஞ்சினுக்கும் உங்ககூடவே வரும். ஒரு சின்ன விஷயம் பாருங்க. கேரக்டர ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரைல அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு படத்துக்கும்) 5 பிக்சல் நகத்துன்னு எழுதிட்டீங்கன்னு வைங்க, செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுற மெஷின்ல செகண்டுக்கு 300 பிக்சல் போகும், அதே கேம் 144 ஃப்ரேம் ஓடுற மெஷின்ல 720 பிக்சல் பறக்கும், அதனால ஃப்ரேம் கணக்க விட்டுட்டு வேகத்த செகண்டுக்கு இவ்வளவுன்னு வச்சு, போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் நடுவுல ஆன நேரத்தால பெருக்கணும். அந்த நேரத்துக்குப் பேருதான் டெல்டா. மூணு எஞ்சின்லயும் இது இருக்கு, எழுதுற விதம் மட்டும்தான் மாறும். இந்த மாதிரிதான் கொலிஷன் (ஒண்ணோட ஒண்ணு மோதுறது), அனிமேஷன், எதிரி எப்ப துரத்தணும் எப்ப நிக்கணும்ங்கிற ஸ்டேட் எல்லாமே. அதனால பின்னாடி எஞ்சின் மாத்தினாலும் அந்த ஒரு வருஷம் எங்கயும் போகாது.

இப்ப காரணம். கோடாட் சின்னது, ஜிப்ப பிரிச்சா அப்படியே ஓடும், புது ப்ராஜெக்ட் திறக்கும்போது ரெண்டரர்ல (திரைல படத்த வரையுற பகுதி) காம்பாட்டிபிலிட்டின்னு ஒண்ணு இருக்கும், அத எடுத்தீங்கன்னா 2டி கேமுக்கு உங்க லேப்டாப் தாராளமா தாங்கும். அதோட கோடாட்ல எழுதுற ஜிடிஸ்கிரிப்ட் பைத்தான் மாதிரியே ஓரம் தள்ளி எழுதுற மொழி, உங்களுக்கு முதல் நாளே பழகிடும். 2014ல இருந்து எம்ஐடி லைசென்ஸ்ல (யார் வேணா இலவசமா பயன்படுத்தலாம்ங்கிற உரிமம்) திறந்து கிடக்கு, கேம் வித்தா கோடாட்காரங்களுக்கு பங்கு தர வேண்டாம்.

யூனிட்டி மோசம்னு சொல்லல. ஹாலோ நைட், கப்ஹெட் ரெண்டும் அதுல வந்ததுதான், மொபைல் கேம் ஸ்டுடியோல வேலைக்குப் போறதுதான் உங்க குறின்னா, அதுல எழுதுற சி ஷார்ப் மொழியோட அதையே எடுத்துக்கலாம். 2023 செப்டம்பர்ல இன்ஸ்டால் கணக்குல கட்டணம்னு அறிவிச்சாங்க, பெரிய எதிர்ப்பு வந்துச்சு, 2024 செப்டம்பர்ல கைவிட்டாங்க. அன்ரியல் 5 பாக்க பிரமாதமாதான் இருக்கும், ஆனா உங்க மெஷின்ல ஷேடர் (ஒளி, நிறத்த கணக்கிடுற குட்டி நிரல்) கம்பைல் ஆகுறத பாத்துட்டே உக்காந்திருப்பீங்க, அதனால இப்போதைக்கு வேண்டாம். (அதோட லைசென்ஸ பாத்து பயப்படாதீங்க, ஒரு கேம் 10 லட்சம் டாலர் தாண்டுனதுக்கு அப்புறம்தான் 5 சதவீதம் கேப்பாங்க.)

ஓப்பன் வேர்ல்ட் ஆசைய விட்டுடாதீங்க, ஆனா முதல் கேமா மட்டும் அது வேண்டாம், இத ரொம்ப அக்கறையோட சொல்றேன். 2018ல வந்த செலஸ்ட்ங்கிற கேம் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாருங்க: பிக்கோ-8ன்னு ஒரு குட்டிக் கருவி, 128க்கு 128 பிக்சல் திரை, 16 கலர், ரெண்டு பேர், நாலு நாள். நீங்களும் ஒரே ஸ்கிரீன்ல முடியிற கேம் ஒண்ணு எடுங்க, மேல இருந்து விழுறத பிடிக்கிறதோ, 1972ல வந்த பாங் மாதிரி பந்தடிக்கிறதோ எதுவா இருந்தாலும் சரி. ஆனா முழுசா முடிங்க. முழுசான்னா ஸ்டார்ட் ஸ்கிரீன் இருக்கணும், சத்தம் இருக்கணும், தோத்தா மறுபடி ஆடுற பட்டன் இருக்கணும், கேம நடுவுல நிறுத்தி வச்சா (பாஸ்) டைமர் நெஜமாவே நிக்கணும், பிரவுசர்ல ஓடுற வெப் பில்டா எக்ஸ்போர்ட் பண்ணி இட்ச் டாட் ஐஓங்கிற கேம் தளத்துல ஏத்தணும், அப்புறம் ஒரு ஃப்ரெண்ட் கைல குடுத்துட்டு வாயே திறக்காம பக்கத்துல உக்காந்து பாக்கணும். எந்த பட்டன்னு அவர் தடுமாறுற இடத்துல நீங்க கத்துக்கிறது எந்த வீடியோலயும் கிடைக்காது. கேரக்டர ஓட வைக்கிறது ரெண்டு நாள் வேலை, மேல சொன்ன மிச்சம்தான் வாரக்கணக்குல இழுக்கும், நிறைய பேரு விட்டுட்டுப் போறதும் அங்கதான்.

கேள்வி: எனக்கு கோடிங்கே தெரியாது. பிளாக்க இழுத்துப் போட்டு கேம் பண்ணா அத டெவலப்பர்னு ஒத்துப்பாங்களா?

பதில்: தாராளமா. அன்ரியல்ல ப்ளூபிரிண்ட்ங்கிற இழுத்துப் போடுற முறைய வச்சே முழு கேம் பண்றவங்க இருக்காங்க. வேரியபிள், கண்டிஷன், லூப் எல்லாம் அதுலயும் இருக்கு, கம்பி இழுத்து இணைக்கிறீங்க அவ்வளவுதான், யோசிக்கிற வேலை ஒண்ணுதான். லேசான மெஷின்னா ஜிடெவலப்ங்கிற எஞ்சின பாருங்க, ஓப்பன் சோர்ஸ், 'இது நடந்தா அத செய்'னு வரிசையா அடுக்கிட்டே போகலாம். கத சொல்ற கேம்தான் வேணும்னா ரென்பைங்கிற எஞ்சின் போதும், வசனம் எழுதுற மாதிரியே எழுதிட்டுப் போகலாம்.

கேள்வி: கோடாட் ட்யூட்டோரியல அச்சு அசலா அப்படியே டைப் பண்றேன், ஆனாலும் சிகப்பு சிகப்பா எரர் வருது. நான் என்ன தப்பு பண்றேன்?

பதில்: உங்க தப்பா இருக்காது, வீடியோ பழசா இருக்கும். 2023 மார்ச்ல கோடாட் 4.0 வந்தப்ப உள்ள இருக்கிற நிறைய விஷயத்தோட பெயரே மாறிடுச்சு. நீங்க ஓட்டுற கேரக்டருக்கு கைனமேட்டிக்பாடி2டின்னு வீடியோல சொன்னா அது 3ஆம் வெர்ஷன், இப்ப அது கேரக்டர்பாடி2டி. யீல்டுன்னு வந்தா இப்ப அவெய்ட். கேரக்டர நகத்துற மூவ் அண்ட் ஸ்லைடுக்கு முன்ன வேகத்த பிராக்கெட்குள்ள குடுப்பாங்க, இப்ப வெலாசிட்டில வச்சுட்டு வெறும் பிராக்கெட்டோட கூப்பிடணும். வீடியோ தலைப்புல 4னு இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

இன்னொண்ணு, வீடியோ முடிஞ்சதும் அத மூடிட்டு நீங்களா ஒண்ணு சேருங்க. டபுள் ஜம்ப் நல்ல பயிற்சி: எத்தனை தடவ குதிச்சான்னு ஒரு வேரியபிள் வைங்க, தரைய தொட்டதும் பூஜ்யமாக்குங்க, 2க்கு கீழ இருந்தா மட்டும் குதிக்க விடுங்க. ஓடிச்சுன்னா ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, குதிக்காம விளிம்புல இருந்து சும்மா நடந்து கீழ விழுந்தா காத்துலயே ரெண்டு தடவ குதிப்பான். அத எப்படித் தடுக்கிறதுன்னு நீங்களே யோசிச்சு சரி பண்ணிட்டு எனக்கு எழுதுங்க.