கரும்புக்கு வாங்கிய முட்டை அட்டை நெல்லுக்கு ஆகுமா?

கேள்வி: ஐயா, இரண்டு ஏக்கர் சம்பா நட்டு 28 நாள் ஆகிறது. அந்துப்பூச்சி பறக்கிறது, அங்கங்கே நடுக்குருத்து காய்கிறது. ஐந்து மாதக் கரும்புக்கு வாங்கிய டிரைக்கோகிரம்மா அட்டையில் 2 சி.சி. மீதி இருக்கிறது. அதை நெல்லில் கட்டலாமா?
– தஞ்சை மாவட்ட விவசாயி

பதில்: அந்த அட்டையை நம்பி நெல்லை விட்டுவிடாதீர்கள். டிரைக்கோகிரம்மா என்பது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் சின்னஞ்சிறு குளவி. அந்தக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டி, சி.சி. என்ற கன அளவில் கணக்கிட்டுக் கொடுப்பதுதான் இந்த அட்டை. ஆனால் இது ஒரே குளவி இல்லை. அந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. கரும்பு இடைக்கணுப் புழுவுக்குக் கொடுப்பது கைலோனிஸ். நெல் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம்தான் வேண்டும். இரண்டு அட்டையும் பார்வைக்குக் கறுப்பு மணல் ஒட்டியதுபோல ஒன்றாகவே இருக்கும். அதனால் வாங்கும்போதே இனத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

இடைக்கணுப் புழுவின் தாய் அந்து செதில் செதிலாகத் திறந்தபடி முட்டையிடும். நெல் குருத்துப்பூச்சியோ இலை நுனிப் பக்கம் குவியலாக இட்டு, பழுப்பு ரோமத்தால் போர்த்திவிடும். அந்தப் போர்வைக்குள்ளும் முட்டையைக் குத்தித் தன் முட்டையை வைப்பதில் ஜப்பானிக்கம் கெட்டிக்காரி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர் இது! நெல்லில் கைலோனிஸுக்கும் வேலை உண்டு, ஆனால் அது இலைச்சுருட்டுப் புழுவுக்கு. நட்ட 37, 44, 51ஆம் நாட்களில். உங்கள் அட்டை அதுவரை தாங்காது, குளவி பொரிந்து வெளியேறிவிடும். இன்றே கரும்பிலேயே கட்டிவிடுங்கள்.

நெல்லுக்கு ஜப்பானிக்கத்தை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் 30ஆம் நாளும் 37ஆம் நாளும் கட்ட வேண்டும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் 4 சி.சி. இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது; அரசு உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ உடனே கேளுங்கள். அட்டையைச் சிறு துண்டுகளாக்கி, வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், இலையின் அடிப்பக்கம் வயல் முழுக்கப் பரவலாகக் கட்டுங்கள். இந்தக் குளவி அதிக தூரம் பறக்காது. வரப்போரம் நாலு இடத்தில் கட்டிவிட்டு வந்தால் நடுவயலுக்குப் பயனில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள்: குளவி முட்டையைத்தான் அழிக்கும். காய்ந்த குருத்துக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. அதனால் முதலில் காய்ந்த குருத்துகளை எண்ணிப் பாருங்கள். பத்து சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு மருந்து அடிக்க வேண்டியிருக்கும். அப்படி அடித்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு அட்டை கட்டக் கூடாது, குளவி செத்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் மருந்தைத் தொடாமல் அட்டையைக் கட்டுங்கள்.

கட்டி நாலைந்து நாள் கழித்து, முட்டைக் குவியல் இருக்கும் இலைத்துண்டுகளைக் கிள்ளி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வையுங்கள். புழு வருகிறதா, குளவி வருகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.